மூன்றெழுத்துக்கு ஒரு விளக்கம்

1

அக்கா என்னிடம் கதை கேட்கவில்லை. ஒரு பக்கத்தில் அடங்கும் கையேடு கேட்டாள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் டாக்டர்களும் நர்சுகளும் பேசிக்கொள்ளும் எழுத்துச் சுருக்கங்கள் நோயாளிகளின் வீட்டாருக்குப் புரிவதில்லை. கேட்கக் கூச்சம். டாக்டர் முன்னால் தலையாட்டிவிட்டு, வராந்தாவில் அக்காவைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

"உனக்குத்தான் எழுத வரும்ல. யார் படிச்சாலும் புரியற மாதிரி, பயம் வராத மாதிரி எழுதிக் குடு" என்றாள்.

"புரியணுமா, பயம் வராம இருக்கணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லு."

"ரொம்பப் பேசாத. எழுது."

அக்காவின் பதவிக்கு ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். ஒரு நோயாளியைப் பற்றிப் பத்துப் பேருக்குத் தனித்தனியாகத் தெரிந்திருப்பதைப் பத்துப் பேருக்கும் தெரியவைக்கிற வேலை. டாக்டருக்கும் வார்டுக்கும் வீட்டாருக்கும் நடுவே நாள் முழுக்க நடப்பாள். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போது பாதத்தில் வார் பதிந்திருக்கும்.

கையேட்டை ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன்.

என்.பி.ஓ.: வாய்வழியாக எதுவும் தரக்கூடாது. தண்ணீர்கூட. (நோயாளி கெஞ்சினாலும். கெஞ்சுவார்.)

பி.ஆர்.என்.: தேவைப்பட்டால் மட்டும். மருந்துக்குச் சொல்வது. (சொந்தக்காரர்களுக்கும் இப்படி ஒன்று எழுதித் தர முடிந்தால் தேவலை.)

ஏ.டி.எல்.: அன்றாடச் செயல்கள். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போய்த் திரும்புவது. (ஒரு மனிதர் ஒரு நாளில் இதைவிடப் பெரிதாக என்னதான் செய்கிறார்?)

டி.என்.ஆர்.: இதயமோ மூச்சோ நின்றுபோனால் திரும்ப இயக்க முயல வேண்டாம் என்ற ஏற்பாடு.

இதற்கு அடைப்புக்குறிக்குள் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை. அப்போது அப்பா அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவரிடம் யாராவது இதைக் கேட்டாக வேண்டியிருந்தது. நானும் அக்காவும் கேட்காமல் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தோம். கையேடு அந்த வரியோடு நின்றுவிட்டது. இந்தக் கதை அந்த வரியிலிருந்து வந்தது.

2

கதைக்கு எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"மழை விட்டிருந்த ஒரு மாலையில் அந்த ஆஸ்பத்திரி வராந்தா—" மழையே பெய்யவில்லை. விடுங்கள்.

"அவள் தன் தந்தையின் நெஞ்சில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, உடம்பின் மொத்த பாரத்தையும்—" இது நடந்ததுதான். ஆனால் நான் அப்போது அங்கே இல்லை. இல்லாத இடத்தில் எனக்கு இத்தனை நன்றாகக் கண் தெரிவது சரியில்லை.

"சிரித்தால் அப்பாவுக்கு விலா வலித்தது."

இது இருக்கட்டும். களைப்பாக இருக்கும்போது எழுதிய வாக்கியம், அதனாலேயே அலங்காரம் இல்லாமல் வந்திருக்கிறது.

3

சிரித்தால் அப்பாவுக்கு விலா வலித்தது. சிரிக்காமல் இருக்கவும் அவருக்குத் தெரியாது. டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் நடுங்குகிறவர்களைச் சிரிக்கவைத்தே தெருவுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். ஆஸ்பத்திரியிலும் அதே கதை. ரத்தம் எடுக்க வரும் பெண்ணிடம், "மெதுவா கியர மாத்தும்மா, வண்டி பழசு" என்பார். சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். உடனே நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

"விழுந்தா இங்கயா அடிபடும்? யாரோ ஏறி மிதிச்ச மாதிரில்ல இருக்கு" என்பார் என்னிடம்.

விழுந்துவிட்டீர்கள் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தோம். நடந்தது வேறு. அம்மா போன பிறகு அவர் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு காலையில் சமையலறை வாசலில் அவர் இதயம் நின்றுபோனது. அக்கா தரையில் மண்டியிட்டு, வேலையில் கற்றுக்கொண்டபடி, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியில் அதற்கு சி.பி.ஆர். என்பார்கள். இதயம் திரும்பி வந்தது. விலா எலும்புகள் உடைந்தன. சரியாக அழுத்தினாலும் உடைவதுண்டு, அது அவளுக்குத் தெரியும். உடைந்த சத்தம் கேட்டது என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள். சொன்னபோது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

(இந்த இடத்தைப் படித்துவிட்டு அக்கா அதை அடித்துவிடச் சொன்னாள். "நான் என்ன சினிமால வர்ற மாதிரி முதுகக் காட்டிட்டா சொன்னேன்? உன் மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னேன்." எனக்கு ஞாபகமிருப்பது முதுகுதான். ஒருவேளை திரும்பி நின்றது நானாக இருக்கலாம். நிஜ அக்காவை என் கதையில் வரும் அக்காவிடமிருந்து என்னால் பிரிக்க முடியவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.)

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். முந்தைய பிரதியில் அக்காவை ஸ்கூல் டீச்சராக மாற்றிப் பார்த்தேன், யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாதென்று. டீச்சர் அக்கா நிறைய அழுதாள். என் அக்கா அப்படி அழுகிறவள் இல்லை. அவளை வேலையிலிருந்து எடுத்தால் கதையே விழுந்துவிடுகிறது. திரும்ப அவளுக்கு அந்தச் சீருடையையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையையும் மாட்டிவிட்டேன்.

4

டாக்டர் அக்காவைவிட வயதில் சின்னவர். அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

"அப்பாவோட இதயம் ரொம்ப வீக்கா இருக்கு மேடம். மறுபடியும் நிக்க வாய்ப்பிருக்கு. நின்னா என்ன செய்யணும்னு அவர்கிட்டயே கேட்டுடலாம், தெளிவாத்தான் இருக்கார். நான் பேசட்டுமா?"

"வேண்டாம் டாக்டர். நாங்களே கேக்கறோம்."

"சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க. நைட் ட்யூட்டிக்கு வர்றவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். இத உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அவர் போனதும் மாடிப்படியில் நின்று சண்டை போட்டோம். குரலை உயர்த்தாமல், யாராவது ஏறி வந்தால் சிரித்து வழிவிட்டுக்கொண்டு.

"நீ கேளு" என்றாள் அக்கா.

"நானா? தினமும் ஊர்ல இருக்கற குடும்பத்துகிட்டல்லாம் நீதான கேக்கற."

"அது அடுத்தவங்க அப்பா."

"எனக்கு அதுக்கு வார்த்தையே வராது."

"வார்த்தைய வச்சுத்தான பொழப்பு நடத்தற. இப்ப வராதுன்னா?"

அவள் ஏன் கேட்கவில்லை என்று எனக்கு அப்போது புரியவில்லை. வேலை அலுத்துவிட்டது, வீட்டிலும் அதேயா என்று நினைக்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் மெதுவாகப் பிடிபட்டது. எழுதுவதில் எனக்குக் கிடைக்கும் ஒரே லாபம் இதுதான், புத்தி எப்போதும் தாமதமாக வந்து சேரும். அப்பா 'வேண்டாம்' என்று சொன்னால், அது அடுத்த தடவைக்கான பதில் மட்டுமில்லை. போன தடவைக்கும் அதுதான் பதில். அன்று அவள் அவரைக் கேட்டுக்கொண்டு அழுத்தவில்லை. கேட்க முடியாது. இப்போது கேட்டால், நீ செய்திருக்க வேண்டாம் என்று அவர் வாயாலேயே கேட்க நேரும். அவர் விலாவைப் பிடித்துக்கொள்ளும்போதெல்லாம் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது அதனால்தான்.

5

பகலில் அப்பாவோடு நான் இருப்பேன். சாயங்காலம் வேலை முடிந்து அக்கா வருவாள். மாறும்போது கட்டிலின் கால்மாட்டில் நின்று, நர்சுகள் செய்வதுபோலவே ஒரு ஒப்படைப்பு நடக்க வேண்டும். இது அவள் வைத்த சட்டம். சுருக்கமாகச் சொல்ல வேண்டும், அவளுடைய சுருக்கங்களில் சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் கேட்டாலும் கவலை வராது என்பது அவள் கணக்கு.

அன்று அப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று வைத்துக்கொண்டோம்.

"பி.பி.?"

"காலைல கம்மி. இப்பப் பரவால்ல."

"என்.பி.ஓ. எடுத்தாச்சா?"

"மத்தியானமே எடுத்தாச்சு. சூப் குடிச்சார். இதுக்கு வெந்நீரே மேல்னு திட்டினார்."

"திட்டினதெல்லாம் வேண்டாம். டி.என்.ஆர்.?"

கேட்டாயா என்று அர்த்தம். வரிசையில் அடுத்தது என்பதுபோலக் கேட்டுவிட்டாள்.

"எனக்கு எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல. நீ வீட்டுக்காரங்ககிட்ட எப்படித்தான் கேப்ப?"

நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அக்கா காலையிலிருந்து எத்தனை குடும்பங்களின் முன்னால் நின்றுவிட்டு வந்திருந்தாளோ தெரியாது. அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டாள். குரல் இறங்கி, மெத்தென்று ஆனது. தங்கையை 'நீங்க' என்றாள்.

"உங்க அப்பாவோட இதயம் ஒரு தடவை நின்னு, திரும்பி வந்திருக்கு. இப்ப ரொம்ப பலவீனமா இருக்கு. மறுபடியும் நிக்கலாம். நின்னா நெஞ்ச அழுத்தி, குழாய் போட்டு, மெஷின் வச்சு முயற்சி பண்ணலாம். சில பேருக்குப் பலன் கிடைக்கும். போன தடவை மாதிரி எலும்பு உடையலாம், வலி இருக்கும். வேண்டாம்னு முடிவு பண்ணினாலும் நாங்க கைவிட மாட்டோம். வலி தெரியாமப் பாத்துக்குவோம், கூடவே இருப்போம். இதுல சரி தப்புன்னு ஒண்ணுமில்ல. அவர் எத விரும்புவார்னு யோசிச்சுச் சொல்லுங்க."

முடித்துவிட்டு, வேறு யாருடைய மகளையோ பார்ப்பதுபோல என்னைக் கனிவாகப் பார்த்தாள். தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

தலையணைப் பக்கமிருந்து பதில் வந்தது.

"நல்லா புரியற மாதிரி சொன்னீங்கம்மா. யோசிச்சுச் சொல்றேன்."

அப்பா எங்கள் இருவரையும் ஒருநாளும் 'நீங்க' என்றதில்லை. அது கிண்டலா, மரியாதையா, அவளைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றவா என்று எனக்கு இன்றுவரை முடிவாகவில்லை. அக்கா அவரைப் பார்த்தாள். அடையாள அட்டையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

(இந்தப் பகுதியில் நான் எதையும் சேர்க்கவில்லை. கற்பனையாக இருந்தால் இன்னும் நம்பும்படியாகச் செய்திருப்பேன்.)

6

"அப்ப நான் விழல" என்றார் அப்பா.

"விழுந்தீங்க. அதுக்கு முன்னாடி நின்னுடுச்சு."

"யாரு அழுத்தினது?"

பொய் சொல்ல ஒரு நொடி கிடைத்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் என்று சொல்லியிருக்கலாம்.

"அக்கா."

அவர் கையைத் தூக்கி, வலிக்கும் இடத்தைத் தேடி மெதுவாக வைத்துக்கொண்டார்.

"அவளா? ஸ்டியரிங் கெட்டியா இருக்குன்னு அழுதவளாச்சே." சிரிக்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டார். "வெளிலதான் நிக்கறாளா?"

"ம்."

"கூப்பிடு. கேட்டது அவ. அவகிட்டதான் சொல்லணும்."

அக்கா வராந்தாவில் தண்ணீர் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தாள். டம்ளர் நிறைந்திருந்தது, குடிக்கவில்லை.

"கூப்பிடறார்."

"என்ன சொல்லப் போறாராம்?"

"சொல்லல."

"மூஞ்சி எப்படி இருக்கு?"

"அப்பா மூஞ்சி மாதிரி இருக்கு. வா."

7

முடிவு ஒன்று. "வேண்டாம்மா" என்கிறார் அப்பா. சரி என்று அக்கா தன் வேலைக் குரலில் சொல்லி, நர்சிடம் போய் அந்த மூன்றெழுத்தைச் சொல்கிறாள். (இதற்குப் பிறகு அவள் தன் சமையலறை வாசலைத் தினமும் எப்படித் தாண்டுவாள் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.)

முடிவு இரண்டு. "மறுபடியும் அழுத்து" என்கிறார். அக்காவின் தோள் இறங்குகிறது. (ஆனால் அவர் அதைத் தனக்காகச் சொன்னாரா, மகளுக்காகவா? தேற்றுவதற்காகத் தன் விலாவை இன்னொரு தடவை கொடுக்கிறார் என்றால், அந்தத் தேறுதலை அவள் எங்கே வைத்துக்கொள்வாள்?)

முடிவு மூன்று. "கத்துக்குடுக்கற வண்டில என் காலுக்கடியிலயும் ஒரு பிரேக் இருக்கும்மா. ஓட்டறவங்களுக்காக அத நான் மிதிச்சிருக்கேன். என் வண்டிக்கு நீ மிதிச்ச—" எழுதும்போதே எனக்குப் பிடித்துப்போனது. அதனாலேயே சந்தேகம் வந்தது. அப்பா வாழ்க்கையில் இப்படிப் பேசியதில்லை. இது நான் பேசுவது. அடித்துவிட்டேன்.

மூன்றையும் அக்காவிடம் காட்டினேன்.

"எதுவும் வேண்டாம்" என்றாள்.

"அப்ப நடந்ததையே எழுதிடவா?"

"அது எனக்குச் சொன்னது."

"கதைய எப்படி முடிக்கறது?"

"அது உன் பாடு. எனக்கு நாளைக்குக் காலைல ட்யூட்டி இருக்கு." போய்ப் படுத்துவிட்டாள்.

ஆகவே எழுத அனுமதி உள்ளதை மட்டும் எழுதுகிறேன். அக்கா உள்ளே வந்து கால்மாட்டிலேயே நின்றாள். அப்பா கட்டிலின் விளிம்பைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தாள். அவர் அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சில், வலிக்கிற இடத்தில் வைத்தார். அவள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவர் விடவில்லை. பிறகு பேசினார். நீளமான பதில் இல்லை. நான் கதவருகே இருந்தேன், கேட்டேன்.

அப்பா இப்போது எப்படியிருக்கிறார் என்று என்னைக் கேட்காதீர்கள். சொன்னால் அவர் பதிலையும் சொன்னதாகிவிடும்.

அவர் சொன்னதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வேண்டும் என்றும் எழுதலாம், வேண்டாம் என்றும் எழுதலாம், எனக்கு இனி வாதாடத் தெம்பில்லை. ஆனால் அக்கா அதைப் படிப்பாள். அதனால் தள்ளி நின்று எழுதாதீர்கள். அவள் கை அவர் நெஞ்சின் மேல் இருக்கும்போதே எழுதுங்கள்.