கண்டக்டருக்கு ஒரு மார்புப்பட்டை

சுப்பையன் இருபத்தாறு வருடம் அரசு பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஊர் வழக்கில் செக்கர். ஓடுகிற வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏறி, அறுபது முகங்களை ஒரே சுற்றில் பார்த்து, டிக்கெட் வாங்காதவன் முன்னால் போய் நேராகக் கை நீட்டுகிற வித்தை அவருக்கு வாய்த்திருந்தது. "என்ற கண்ணுக்குத் தப்பி ஒரு ஈ காந்திபுரத்துல எறங்குனதில்ல" என்பார். ஈக்கு டிக்கெட் கிடையாது என்று யாரும் அவரைத் திருத்தியதில்லை.

ஓய்வு பெற்றதும் அந்த அதிகாரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மனைவி மாசாணியம்மாளிடம் வைத்துப் பார்த்தார். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே பருப்பு கடைந்தார். அவர் இறந்த பிறகு சுப்பையன் ஒரு நாட்டு நாய்க்குட்டியை எடுத்து வந்து, அதற்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்தார். பழைய கண்டக்டர்கள் இரண்டு பேர் அத்தோடு அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நாய்க்கு ஆட்சேபணை இல்லை.

கிணத்துக்கடவைத் தாண்டி, பொள்ளாச்சி ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் அவருடைய ஓட்டு வீடு. அந்தத் தோப்புகளில் அவருடைய அப்பா கூலிக்குத் தேங்காய் சுமந்தார். மகன் காக்கிச் சட்டையில் பேனாவோடு வந்து இறங்கிய நாளிலிருந்து தோப்புக்காரர்களே "வாங்க செக்கர்" என்று சொல்ல வேண்டி வந்தது. அந்த மரியாதையில் ஒரு நூல் குறைவதைக்கூடச் சுப்பையன் பொறுக்க மாட்டார்.

அப்படிப்பட்ட மனிதருக்குக் கண் போனது.

முழுக்கப் போகவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது, போன பார்வை போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தது ஒரு புனலின் சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கிற அளவு. எதிரே ஒரு முகம் தெரியும். அந்த முகத்துக்குக் கீழே ஆள் இருக்கிறாரா என்பது ஊகம்தான். தரையும் பக்கவாட்டும் உலகத்திலிருந்து கழன்று விழுந்திருந்தன.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மகள் பொற்கொடியின் காதுக்குப் போகும். சத்தியமங்கலத்தில் டீச்சராக இருந்த பொற்கொடி ஏற்கெனவே தீர்ப்பை எழுதி வைத்திருந்தாள்: "உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா அன்னிக்கே வண்டி கொண்டாந்து கூட்டீட்டுப் போயிருவனுங்கப்பா. எங்க மாடியூட்டுல நாய்க்கு எடமில்லை. அதை யாருக்காச்சும் குடுத்துப்போடோணும்." மாதத்தின் முதல் ஞாயிறு வந்து, சமையலறையைக் கழுவி, தீர்ப்பை இன்னொரு தடவை வாசித்துவிட்டுப் போவாள்.

அதனால் சுப்பையன் நடமாடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நடமாட வைத்தது நாய். அதற்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. தினமும் காலையில் ரோட்டோரத்தில் சின்னாத்தாள் டீக்கடைக்குப் போனால் பொறை ரொட்டி கிடைக்கும் என்பது அதன் ஒரே கொள்கை. கொள்கைக்காக அது வீட்டிலிருந்து வரப்பு, வரப்பிலிருந்து வாய்க்கால் பாலம், பாலத்திலிருந்து ரோடு என்று பிசகாமல் இழுத்துக்கொண்டு போனது. கழுத்துப் பட்டையில் கட்டிய கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு சுப்பையன் பின்னால் போனார், நாயை நடத்திக் கூட்டிப் போகிறவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு.

ஆடி மாதம் நாய் இரும ஆரம்பித்தது. பீடி குடிக்கிற கிழவனின் இருமல். மாட்டாஸ்பத்திரி டாக்டர் அதன் தொண்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கழுத்துல போட்டு இழுத்தீங்கன்னா மூச்சுக்குழாய் கெட்டுரும். மார்புப்பட்டை போடுங்க, இல்லைன்னா கயிறே கட்டாதீங்க" என்றார். கயிறு கட்டாவிட்டால் நாய் மட்டும் டீக்கடைக்குப் போகும்.

பஸ்ஸில் நாயை ஏற்றக் கூடாது என்ற விதி அவருக்குத் தெரியாததா? நாயின் மார்பையும் கழுத்தையும் ஒரு சணலால் அளந்து முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு, இருபத்தாறு வருடம் பழகின வழியைக் கால்கணக்கில் வைத்துக்கொண்டு, தனியாகக் கோயமுத்தூர் போனார். காந்திபுரத்தில் மீன் தொட்டியும் கிளிக்கூண்டும் விற்கிற கடையில் டை கட்டிய பையன் ஒருவன் பித்தளைக் குமிழ்கள் பதித்த தோல் பட்டையை அவர் கையில் வைத்தான். "சார், இது பாரின் மாடல். போலீஸ் நாய் போடறது. போட்டா நாய்க்கே ஒரு கெத்து வரும்." சுப்பையன் உள்பக்கம் விரலை ஓட்டினார். குமிழ்களின் காலெல்லாம் உள்ளே மொட்டு மொட்டாக நீட்டிக்கொண்டிருந்தன. கெத்து வெளிப்பக்கம், குத்து உள்பக்கம். வைத்துவிட்டு வந்தார்.

உக்கடத்தில் நசுருதீன் கடை. லாரித் தார்ப்பாய், சீட்டு உறை, குதிரைக்கும் மாட்டுக்கும் வார் என்று எதைக் கொடுத்தாலும் தைக்கிறவர். முடிச்சுப் போட்ட சணலை வாங்கிக்கொண்டு, "நாய்க்கு என்னங்க வேலை?" என்றார்.

"நாய்க்கு என்ன பாய் வேலை? ஆபீசா போகுது?"

"அதில்லீங்க. கட்டிப்போடற நாய்க்கு ஒரு பட்டை, பாரம் இழுக்கற நாய்க்கு ஒண்ணு, ஓடற நாய்க்கு ஒண்ணு. ஆளைக் கூட்டீட்டுப் போற நாயின்னா அது வேறைங்க. எதுன்னு சொன்னாத்தானுங்க எங்க இறுக்கோணும், எங்க உடோணும்னு தெரியும்."

கேள்வி நேராகத்தான் வந்தது. பக்கத்தில் தார்ப்பாய்க்காக ஒருவர் காத்திருந்தார். முன்பின் தெரியாத ஆள்தான். ஆனாலும் ஆள்.

"ஓடற நாய்" என்றார் சுப்பையன். "படு சுறுசுறுப்பு. ஒரு எடத்துல நிக்காது."

அந்த நேரம் கண்டக்டர் வீட்டு வாசலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்திருக்கும்.

சொன்ன வேலைக்கு நசுருதீன் குற்றம் சொல்ல முடியாத பட்டையைத் தைத்துக் கொடுத்தார். மெல்லிய பருத்தி நாடா, ஓடும்போது தோள் அசைய நல்ல தளர்வு, முதுகின் கடைசியில் நீளக் கயிற்றுக்கு ஒரு வளையம். நாயின் இருமல் மூன்றே நாளில் நின்றது. ஆனால் பழைய கழுத்துப் பட்டையில் நாய் தலையைத் திருப்பினாலே கையில் சேதி வந்துவிடும். இப்போது நாய் திரும்பியது, பட்டை திரும்பவில்லை. சேதி இரண்டு எட்டு தாமதமாக வந்தது. நான்காம் நாள் நாய் பாலத்துக்குத் திரும்ப, சுப்பையன் நேராகப் போய் வாய்க்காலுக்குள் இறங்கினார்.

தேங்காய் டெம்போ ஓட்டுகிற ராசப்பன்தான் ஓடி வந்து தூக்கினான். "பாத்துங்க செக்கரண்ணா! இந்த எடத்துல வழுக்கல் சாஸ்திங்க."

"ஆமா ராசப்பா. ரொம்ப வழுக்கல்."

வாய்க்காலில் தண்ணீர் விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. சுப்பையனின் உள்ளங்கை முழுக்கப் புழுதி. இரண்டு பேரும் அதைத் தட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து நாயைத் தடவியபோது முன்னங்காலுக்குப் பின்னால் ஈரம் தட்டியது. வரப்புப் புல்லின் ஈரத்தில் தினமும் நனைந்து காய்ந்த நாடா விளிம்பு தோலை அறுத்திருந்தது. அடுத்த ஞாயிறு பொற்கொடி வருகிற நாள். முழங்கால் காயத்தை வேட்டிக்குள் மறைத்துவிடலாம். டீக்கடைக்குப் போகாமல் வீட்டோடு கிடப்பதை மறைக்க முடியாது. மூன்று நாள் அவர் வாசலிலேயே உட்கார்ந்து நாய்க்கு மஞ்சள் குழைத்துப் போட்டார். ரோட்டில் போகிற பஸ்களின் சத்தத்தை வைத்து எது எந்த டிப்போ வண்டி என்று அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு யாரும் கேட்பதற்கு இல்லை.

நான்காம் நாள் நாயோடு ராசப்பனின் டெம்போவில் ஏறி உக்கடம் போனார். நசுருதீன் புண்ணைப் பார்த்தார். பிறகு, "எதுத்தாப்ல சைக்கிள் கடை வரைக்கும் போயிட்டு வாங்க, பாக்கறேன்" என்றார். சுப்பையன் போனார். சாக்கடைப் பலகை, நிறுத்தியிருந்த மொபெட், சந்தடி. நாய் ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று கூட்டிப்போய்க் கூட்டிவந்தது.

"ஓடற நாயின்னு சொன்னீங்க" என்றார் நசுருதீன். "இது நடக்கற நாயிங்க. அதுவும் தனக்காவ நடக்கலீங்க. கண்ணு எத்தனை நாளாத் தெரியறதில்லீங்க?"

எத்தனை மரியாதையாகக் கேட்டாலும் கேள்வி கேள்விதான். சுப்பையன் புனல் வழியே தெரிந்த ஒரு நூற்கண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ராசப்பன் நிற்கிறான். இவனுக்குத் தெரிந்தால் சின்னாத்தாளுக்குத் தெரியும். பிறகு சத்தியமங்கலம். காலடியில் நாய் புண்ணை நக்குகிற சத்தம் கேட்டது.

"மூணு வருசம் இருக்கும் பாய்."

"மூணே காலுங்க" என்றான் ராசப்பன்.

சுப்பையன் திரும்பினார். "என்னடா சொல்ற?"

"அந்த வருசத்துக் கோயில் நோம்பிக்கு முன்னாலேயே தெரியுமுங்களே. நீங்க வர்ற வழியில உழற மட்டையெல்லாம் தெனமும் ஆருங்க எடுத்துப் போடறது? எதுக்க வாரவங்கெல்லாம் பத்தடி தள்ளியே பேரைச் சொல்றது எதுக்குங்க?"

மட்டை அதிகம் விழாத வருடங்கள் என்றுதான் சுப்பையன் நினைத்திருந்தார். பேர் சொல்வதைத் தனக்குக் கூடிப்போன மரியாதையின் கணக்கில் வைத்திருந்தார்.

"அப்பறம் ஏன்டா ஒருத்தனும் சொல்லல?"

"நீங்களே தெரியாத மாதிரி இருக்கறீங்க. நாங்க எப்புடிங்க சொல்றது? அதுனாலதானுங்க உங்க ஊட்டுப் பக்கம் ஆரும் வந்து உக்கார்றதில்லை. உக்காந்தா பேச்சு வரும். பேச்சு வந்தா கண்ணுல போயி நிக்கும். சங்கடமுங்க."

மூன்றே கால் வருடம் அவர் நடத்திய நாடகத்தை ஊரே டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறது. செக்கருக்குத் தெரியவில்லை. அந்த வருடங்களில் பொற்கொடியின் ஞாயிறுகளை விட்டால், வீட்டுக்குள் தானாக வந்து கேட்ட ஒரே குரல் ரேடியோவினுடையது. அதற்கும் காரணம் கடைசியில் அவரேதான்.

நசுருதீன் இதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தார். தோல் வேண்டாம், வாய்க்கால் தண்ணி பட்டால் விறைத்துக்கொள்ளும். பருத்தி நனைந்தால் இழுபடும். பழைய மாருதி காரின் சீட் பெல்ட் ஒன்றை எடுத்து உதறினார். "மனுசனைப் புடிச்சு நிறுத்தற பட்டைங்க. நாய் இழுத்து அறுத்துராது." விளிம்பை மடித்துத் தைத்து, உடம்பில் படுகிற பக்கம் கம்பளித் துணி வைத்தார். மார்புக்குக் குறுக்கே போகிற பட்டை தோள் மூட்டை அழுத்தாமல் மேலேயும், வயிற்றுப் பட்டை முன்னங்காலுக்கு நாலு விரல் பின்னாலும் வந்தன. பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிறதா என்று சுப்பையனின் விரலையே பிடித்து நுழைத்துக் காட்டினார். கடைசியாக முதுகின் இரண்டு பக்கமும் சேர்த்து, வளைத்த அலுமினியக் குழாயில் அசையாத ஒரு கைப்பிடி.

கைப்பிடியைத் தொட்டதுமே சுப்பையனுக்குப் புரிந்தது. இதைப் பிடித்துக்கொண்டு நடப்பவனை எவனும் நாயை நடத்திப் போகிறவன் என்று சொல்ல மாட்டான். பார்த்த கணத்திலேயே விஷயம் தெரிந்துவிடும்.

"கயிறு மட்டும் போதாதா பாய்?"

"கயிறு இழுக்கத்தானுங்க தெரியும். இது சொல்லும்."

பிடித்துக்கொண்டார். நாய் தலையைத் திருப்பியதும் மணிக்கட்டு திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை பொற்கொடி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் பார்த்தது நாயை, நாயின் முதுகை, கைப்பிடியை. "எப்ப இருந்துங்கப்பா?" என்றாள். இந்த முறை அவர் சரியான கணக்கைச் சொன்னார். அவள் பையைக் கீழே வைக்காமலே, "வண்டி சொல்லீட்டு வாரேன். இன்னிக்கே போயரலாம்" என்றாள்.

"சித்த பொறு அம்மணி. ஒரு தடவை பாரு, அப்பறம் சொல்லு."

அவள் பார்க்கப் பார்க்க அவர் போனார். பாலத்துக்கு முன்னால் நாய் நின்றது, கைப்பிடி நின்றது, அவரும் நின்றார். பாலம் தாண்டி, ரோடு போய், திரும்பி வந்தார். வேட்டியில் ஒரு பொட்டுப் புழுதி இல்லை.

"ஏனுங்கப்பா, வரமாட்டீங்களா?"

"இல்ல கண்ணு. நான் இருந்துக்கறேன்."

அவள் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். ரசம் வைத்தாள், துணி துவைத்துப் போட்டாள், சொட்டு மருந்து புட்டியைக் கை எட்டும் இடத்தில் மாற்றி வைத்தாள். அந்தப் பக்கத்தில் விருந்துக்குக் கூப்பிட்டால் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். இரண்டாவது தடவை கூப்பிடுவதுதான் கூப்பிடுவது. சுப்பையன் அந்த இரண்டாவது தடவைக்காகச் சாப்பாட்டின்போது காத்திருந்தார். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டபோதும் காத்திருந்தார். கண்டக்டரையும் கூட்டிக்கொண்டு வருவதானால் பார்க்கலாம் என்று சொல்வதாக ஒரு பதில்கூடத் தயாராக இருந்தது. ஆனால் பொற்கொடி செக்கரின் மகள். அப்பா ஒரு தடவை இல்லை என்றால் அது ஆபீஸ் உத்தரவு என்று கேட்டே வளர்ந்தவள்.

நாலு மணி பஸ்ஸுக்கு ரோடு வரை கூட வந்தார். "அடுத்த மாசம் வாரனுங்கப்பா." அவள் ஏறினாள். எந்த ஜன்னலில் உட்கார்ந்தாள் என்று தெரியாததால் பஸ் முழுவதற்குமாகக் கை காட்டினார். அதன் சத்தம் இரண்டாம் கியருக்கு மாறி, மூன்றாவதுக்கு மாறி, கடைசியில் காற்றோடு கலந்தது.

ரோட்டில் யாரும் இல்லை. அவர் கையை இறக்கிக் கைப்பிடியைப் பிடித்தார். நாய் உட்கார்ந்துவிட்டது போலிருந்தது. கைப்பிடி தாழ்ந்து, அதன் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கியது. எழுப்பவில்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தார்.