பனிக்காலத்தில் வராதேங்கோ

குலசேகரத்துக்குப் பிரித்தானியப் பாஸ்போட் 1994ஆம் ஆண்டு கார்த்திகையில் வந்தது. தபாலில் வந்த உறையை அக்கா கமலாம்பிகை சாமிப் படத்தின் முன்னால் வைத்து, அவன் பெற்றோல் நிலையத்தில் காலை ஷிப்ட் முடித்து வரும்வரை பிரிக்காமல் காத்திருந்தாள். லண்டன் குட்மேய்ஸில் அவளுடைய வீட்டு மேல்மாடி அறையில்தான் அவன் பத்து வருடமாக இருந்தான்.

"இனி ஒரு தடையும் இல்லைத் தம்பி," என்றாள். "ரொறன்ரோ ஆக்கள் கலியாணத்துக்கு மாசிக்கிடையில முடிவு கேக்கினம். பொம்பிளை ரீச்சர். போட்டோவை ஒருக்கா வடிவாப் பார்."

அவன் பாஸ்போட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைப் பைக்குள் பியற்றிஸின் கடிதம் இருந்தது.

பத்து வருடங்களுக்கு முன், ஏஜென்சிக்காரன் லண்டனுக்குச் சீட்டு எடுத்துத் தரும்வரை அவன் மூன்று மாதம் சென்னையில் தங்கியிருந்தான். யாழ்ப்பாணத்துக்குப் பேச வேண்டுமென்றால் அந்த நாளில் தந்தி நிலையத்தில் பெயரைப் பதிந்துவிட்டு மணிக்கணக்கில் இருக்க வேண்டும். அங்கேதான் பியற்றிஸைக் கண்டான். யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கத்தோலிக்கப் பெண், சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி. லைன் கிடைக்காத நாட்களில் இருவரும் சேர்ந்து நடந்தே திரும்பினார்கள். ஒரு மாதம் போனபின் லைன் கிடைத்துவிடக் கூடாதே என்று அவன் நினைக்கத் தொடங்கினான்.

லண்டனில் இறங்கினதும் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு வந்தான். லண்டன் அவனை அகதி என்று ஏற்கவுமில்லை, திருப்பி அனுப்பவுமில்லை. காலத்துக்குக் காலம் நீட்டித் தந்த ஒரு தாளோடு இருக்க விட்டது. அந்தத் தாளை வைத்து ஒருவரையும் கூப்பிட முடியாது. பியற்றிஸ் மூன்று வருடம் பொறுத்தாள். பிறகு, ஒரு தொண்டு நிறுவனம் லடாக் மலைகளுக்குள் நடத்திய சிறிய மருந்தகத்துக்கு ஒரு வருட ஒப்பந்தத்தில் போனாள். ஏழு பனிக்காலம் கழிந்தும் அவள் கீழே இறங்கி வரவில்லை.

ஐப்பசியில், பாதை மூடுமுன் அவள் கடைசியாக எழுதியது இது: "பாஸ்போட் கிடைச்சால் ஆனியில வாங்கோ. பனிக்காலத்தில் வராதேங்கோ. லொறி வராது. போன முறை ஒரு வாத்தியார் தனிய நடந்து வந்தவர், ரெண்டு கால்விரல் எடுக்க வேண்டி வந்தது."

ஆனிக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. ரொறன்ரோவுக்கு அதற்கு முன் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அவனை உண்மையில் பயமுறுத்தியது அதுவல்ல. பத்து வருடமாக அவன் ஒவ்வொரு கடிதத்திலும் 'அடுத்த வருசம்' என்று எழுதி வந்திருந்தான். முதலில் அது உண்மையாக இருந்தது. பிறகு பழக்கமாகிவிட்டது. ஆனி வந்தால் இன்னொரு காரணம் வரும் என்று அவனுக்குத் தெரிந்தது.

ஐந்து வாரம் லீவு கேட்டான். மனேஜர் தர முடியாது என்றார். அன்றே வேலையை விட்டான்.

"ஆரட்டைப் போறாய்?" என்று அக்கா கேட்டாள்.

"பியற்றிஸிட்டை."

"அந்த வேதக்காரப் பிள்ளையோ? இன்னும் அவளோடை எழுத்துப் போக்குவரத்து இருக்கோ?"

"ஓம்."

அக்கா முருங்கைக்காயை நறுக்கி முடித்துவிட்டு, கையைத் துடைத்தபடி, "கையுறை ரெண்டு சோடி கொண்டு போ. ஒண்டு நனைஞ்சால் மற்றதைப் போடலாம்," என்றாள்.

டில்லியில் அவனுடைய பாஸ்போட்டில் பிறந்த ஊரைப் பார்த்த அதிகாரி அவனை இரண்டு மணித்தியாலம் உட்கார வைத்தார். லே நகருக்குப் போன விமானம் முகிலால் இரண்டு தரம் திரும்பி வந்தது. மூன்றாம் தரம் இறங்கியது. லேயில், தொண்டு நிறுவனத்தின் அலுவலகத்தில் இருந்த மனிதர் அவனை ஒரு வாரம் சும்மா இருந்து மூச்சைப் பழக்கச் சொன்னார். கூடப் போக ஆள் தேடினார், கிடைக்கவில்லை. "ஒரே பள்ளத்தாக்கு, ஒரே பாதை. ஆற்றை மட்டும் விட்டுவிடாதே. இரண்டு இரவுக்கும் மடாலயம் இருக்கிறது," என்று ஆங்கிலத்தில் சொல்லி, ஒரு தாளில் கோடு கீறித் தந்தார்.

இராணுவ லொறி ஒன்று பாதை முடியும் இடத்தில் அவனை இறக்கிவிட்டுத் திரும்பியது. அதன் சத்தம் தேய்ந்தபின் வேறு சத்தமே இல்லை. ஆறு உறைந்து கிடந்தது. எப்போதாவது பனிக்கட்டிக்குக் கீழே தண்ணீர் நகர்வது மட்டும் தொண்டைக்குள் யாரோ பேசுவதுபோல் கேட்டது. பத்து அடி வைத்தால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. முதுகுப் பையில் பியற்றிஸுக்கென்று இல்போர்டில் வாங்கிய தடித்த கோட் பாரமாகத் தொங்கியது. மூன்று மணிக்கே வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. அதற்குப் பிறகு கால்விரல்களை அவனால் உணர முடியவில்லை.

முதல் மடாலயம் செங்குத்தான பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தது. வாசலில் சிவப்பு ஆடை சுற்றிய பிக்கு ஒருவர் வாளியோடு நின்றார். அவரைக் கண்டதும் குலசேகரத்தின் கால்கள் நின்றன.

எண்பத்துமூன்று ஆடியில் அவன் கொழும்பில் இருந்தான். பக்கத்து வீட்டுக் கூரைக்குள் ஒளிந்திருந்தபோது, ஓட்டு இடுக்கால் தெருவைப் பார்த்தான். தமிழர் வீடுகளை எரித்துக்கொண்டு வந்த கூட்டத்துக்கு நடுவே காவி உடுத்த பிக்கு ஒருவர் நின்றார். அவர் தடுக்க வந்தாரா, சேர்ந்து வந்தாரா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. லண்டனில்கூடக் காவியையோ மழித்த தலையையோ கண்டால் அவன் தெருவின் மறுபக்கம் போய்விடுவான்.

இங்கே மறுபக்கம் என்று ஒன்று இருக்கவில்லை. பிக்கு வாளியை வைத்துவிட்டு வந்து அவன் கையைப் பிடித்தார். அடுப்படிக்குக் கூட்டிப்போய், சப்பாத்துகளைக் கழற்றினார். விரல்கள் வெள்ளை மெழுகுபோல் இருந்தன. பிக்கு நெருப்பைக் காட்டித் தலையை ஆட்டி, வேண்டாம் என்றார். பிறகு எதிரே உட்கார்ந்து, தன் ஆடையை விலக்கி, அவனுடைய இரண்டு பாதங்களையும் தன் வெறும் வயிற்றில் வைத்து மூடிக்கொண்டார். குளிரில் அவர் முகம் ஒருதரம் சுருங்கியது. பிறகு ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி இருந்தார். உணர்வு திரும்பியபோது நோவு தாங்க முடியவில்லை. குலசேகரம் வாய்விட்டு அழுதான். நோவால்தான் அழுகிறான் என்று பிக்கு நினைத்திருக்கலாம். முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

அடுத்த நாள் ஆறு ஒடுங்கிப் போன ஒரு மலையிடுக்கைக் கடந்தான். இரண்டாம் மடாலயத்தில் விடியற்காலை முரசு ஒலித்தது. பிரார்த்தனை மண்டபத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரைப் பிக்குகளுக்கு ஊற்றிக்கொண்டு வந்தவர், அவனுடைய கிண்ணத்திலும் ஊற்றிவிட்டு நகர்ந்தார். ஏன் வந்தாய், எவ்வளவு காலம் இருப்பாய், அதற்கு என்ன ஆதாரம் என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை குடிவரவுக் கவுண்டர்களுக்கு முன்னால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி நின்றிருக்கிறோம் என்று நினைத்தான். இரண்டாம் முறை ஊற்றியபோதும் குடித்தான்.

மத்தியானம் மேட்டில் நின்று பார்த்தபோது கீழே கிராமம் தெரிந்தது. தகரக் கூரை போட்ட கட்டடம் ஒன்றுதான். அதன் புகைபோக்கியில் புகை. பத்து வருடமும் நாலாயிரத்து ஐந்நூறு மைலும் வந்தவனுக்கு அந்தக் கடைசிச் சரிவில் இறங்கத் தைரியம் வரவில்லை. அரைமணித்தியாலம் கல்லில் உட்கார்ந்திருந்தான்.

பியற்றிஸ் மருந்தகத்தில் இல்லை. எங்கோ பிள்ளைப்பேறு என்று அங்கிருந்த நடுவயதுப் பெண் கையால் காட்டி விளக்கினாள். பின்னேரம் கதவு திறந்தது. கம்பளிக்குள் மூடிய ஒரு பெண், கன்னம் வெடித்துக் கறுத்தவள், அவனைப் பார்த்து அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ கேட்டாள்.

"நான்தான், பியற்றிஸ்," என்றான்.

அவள் கதவைச் சாத்திவிட்டு அவனைத் திரும்பவும் பார்த்தாள்.

"எழுதினனான் எல்லே, பனிக்காலத்தில் வராதேங்கோ எண்டு."

"எழுதினீர். ஆனி வரைக்கும் இருக்க ஏலாமல் போச்சு."

"காலைக் காட்டுங்கோ."

விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். "பத்தும் இருக்கு," என்று தனக்குள் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அவன் முகத்தைத் தொட்டாள்.

அவளுடைய தமிழ் தடுமாறியது. "வெந்நீர் வைக்கிற அந்தச் சாமான்... என்னெண்டு சொல்லுறது?"

"கேத்தில்."

"அது இங்கிலீஷ்!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் சென்னைச் சிரிப்பு.

கோட் அவளுக்குப் பெரிதாக இருந்தது. பத்து வருடத்துக்கு முந்திய உடம்பை நினைத்து வாங்கியிருந்தான். பின்னேரங்களில் அவள் அதைப் போர்த்துக்கொண்டு கண்ணை மூடி, "கதையுங்கோ," என்பாள். "என்னத்தை?" "என்னத்தையெண்டாலும். தமிழில கதையுங்கோ." அவன் ஹை றோட்டுக் கடைகளையும், மனேஜரின் கோபத்தையும், அக்காவின் முருங்கைக்காய்க் குழம்பையும் சொன்னான். பகலில் அவளுடைய மருந்துப் பையைச் சுமந்து வீடு வீடாகப் போனான். சென்னையில் கண்ட பெண் இங்கே இல்லை என்று முதல் மூன்று நாளும் தோன்றியது. நாலாம் நாள் அவள் தனியே போனபோது, வெடித்த கைகளை உடைய இந்தப் பெண்ணின் காலடிக்காகவே தான் காதைத் தீட்டிக்கொண்டிருப்பதை உணர்ந்தான்.

எட்டாம் நாள் கேட்டான். "இப்ப உம்மைக் கூப்பிட ஏலும். கலியாணப் பதிவு எழுதினால் ஆறு மாசத்தில லண்டன். அங்கை ஆஸ்பத்திரியளில நேர்ஸ்மாருக்கு நல்ல வேலை."

அவள் பஞ்சு சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் நீங்கள் கூப்பிடுவியள் எண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தனான். பிறகு எப்பவோ பார்க்கிறதை விட்டிட்டன். எந்த வருசம் விட்டனான் எண்டு எனக்கே தெரியாது. கோவமில்லை. கடிதம் வந்தால் சந்தோசம். ஆனால் வெளிக்கிடுறதுக்கு நான் ஆயத்தமாய் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில பனிக்காலத்துக்கு நான் ஒராள்தான்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"இஞ்சை இருங்கோ," என்றாள். சொன்னபின் அவளே பயந்ததுபோலப் பார்வையைத் தாழ்த்தினாள்.

மூன்று நாள் அவன் யோசித்தான். ஒரு நாட்டில் இருக்க அனுமதி கிடைக்கப் பத்து வருடம் எடுத்தவனுக்கு அதை விட்டுவிட மூன்று நாள் போதவில்லை. புறப்படும் காலை அவள் பாதை வளைவுவரை வந்தாள்.

"நான் திரும்பி வருவன்."

"அடுத்த வருசம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

"ஆனி."

அவள் தலையசைத்தாள். அவன் திரும்பிப் பார்த்தபோது பெரிய கோட்டுக்குள் கைகள் தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

லண்டனுக்கு வந்த அன்றே ரொறன்ரோவுக்கு வேண்டாம் என்று சொல்லச் சொன்னான். அக்கா இரண்டு வாரம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வெஸ்ட் ஈலிங்கில் ஒரு தமிழ்க் கடையில், கோடையில் நிற்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லி வேலைக்குச் சேர்ந்தான். குட்மேய்ஸிலிருந்து ரயிலில் ஒன்றரை மணித்தியாலம். அந்த நேரம் முழுவதும், அவளுக்குச் சொல்ல மறந்த கதைகளை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு போவான். பக்கத்து இருக்கைக்காரர் சிலவேளை எழும்பி வேறு இடம் போவார்.

தொண்ணூற்றைந்து ஆனியில் போனான். அடுத்த ஆனியிலும் போனான். இரண்டு முறையும் புரட்டாதியில், பாதை மூடுமுன் திரும்பினான். இரண்டாம் முறை திரும்பியபோது நன்றாக மெலிந்திருந்தான். கடையில் மிளகாய்த்தூள் பைகளை அடுக்கிக்கொண்டே இடையில் நின்றுவிடுவதாகக் கடைக்காரர் அக்காவிடம் போனில் சொன்னார்.

தொண்ணூற்றேழு ஆனியில் போனவன் புரட்டாதியில் வரவில்லை. லேயிலிருந்து தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, மருந்தகத்தில ஸ்ரோரைப் பார்க்க ஆள் வேணுமாம். நான் இந்தப் பனிக்காலம் இருக்கப் போறன்."

"மூச்செடுக்க ஏலுமோ?"

"இப்ப பழகிட்டுது."

"கலியாணம்?"

"எழுதிட்டம். போன கிழமை."

கமலாம்பிகை ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள். "அவளிட்டைக் குடு," என்றாள். அந்தப் பக்கம் ஒரு பெண்குரல், இன்னும் தடுமாறும் தமிழில், சொல்லைத் தேடித் தேடி, "அக்கா... சுகமாய் இருக்கிறியளோ?" என்று கேட்டது.

"ஓம் பிள்ளை," என்றாள் கமலாம்பிகை. "நீ சுகமோ? அங்கை இப்ப குளிர் துவங்கிட்டுதோ?"