பிழையாக வரைந்த மூன்று படங்கள்

இந்தக் கதையில் எது நான் கண்ணால் கண்டது, எது பிறர் சொல்லக் கேட்டு என் ஞாபகத்தோடு ஒட்டிக்கொண்டது என்று இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அது எழுபத்து நான்கா, ஐந்தா என்பதிலேயே எனக்குச் சந்தேகம். மிக்தாலியா அன்று நீலச் சட்டை போட்டிருந்தாள் என்று நான் சொன்னால் செனாய்தா மஞ்சள் என்று சத்தியம் செய்வாள். சட்டையின் நிறத்தை விட்டுவிடலாம். மற்றதெல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது.

ஹவானாவில், கார்ட்டூன் படங்கள் எடுக்கும் எங்கள் ஸ்டூடியோவில், மிக்தாலியா கீழ்த்தளத்து வண்ண அறையில் இருந்தாள். மாடியில் இருக்கும் ஓவியர்கள் காகிதத்தில் பென்சிலால் வரைந்து அனுப்புவார்கள். செனாய்தா அதன்மேல் கண்ணாடித்தாளை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, மைக்கோட்டில் பிரதி எடுப்பாள். பிறகு மிக்தாலியா அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் நிறம் நிரப்புவாள். ஜூலை மாதத்திலும் அந்த அறையில் மின்விசிறி போடக் கூடாது. தாள் பறந்தால் வேலை போயிற்று, வியர்வை சொட்டினாலும் போயிற்று. கண்ணாடித்தாள் கப்பலில் வந்தால்தான் உண்டு. எனவே படம் பிடித்து முடித்ததும் எல்லாத் தாள்களையும் தொட்டியில் போட்டுக் கழுவி, கொடியில் காயவைத்து, மறுபடி அதிலேயே வரைவோம். ஒரு குதிரையைக் கழுவினால் அடுத்த வாரம் அதில் ஒரு தபால்காரன் இருப்பான்.

செனாய்தாவும் மிக்தாலியாவும் ஒரே வயது, ஒரே மேஜை. செனாய்தா கை எவ்வளவு சுத்தமோ வாய் அவ்வளவு நீளம். மிக்தாலியா அதற்கு நேர் எதிர். அவளிடம் ஒன்று கேட்டால் பதில் வருவதற்குள் இரண்டு பஸ் போய்விடும்.

"உன் புருஷனா வர்றவன் பாவம்டி. சாப்பாட்டுல உப்பு இருக்கான்னு கேட்டுட்டு மறுநாள்தான் சாப்பிடுவான்" என்பாள் செனாய்தா.

மிக்தாலியா சிரிப்பாள். அதுவும் சற்றுத் தாமதமாகத்தான் வரும்.

அவள் வாய் திறக்கவில்லையே தவிர, மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. மதிய இடைவேளையில் எல்லாரும் வாசலில் குரோக்கேத்தா என்ற பொரித்த உருண்டைகளைத் தின்றுகொண்டிருக்கும்போது, அவள் எடிட்டிங் அறைக்குப் போய்விடுவாள். அங்கே ஒரு மூலையில் தகரப் பெட்டிகளில் பழைய ரீல்கள் கிடந்தன. எந்த நாட்டில் யார் எடுத்ததென்று தெரியாது, பெயர் வரும் பகுதியெல்லாம் அறுந்து போயிருந்தது. பேசும் படம் வருவதற்கு முன்னால் எடுத்தவைகூட உண்டு. அவற்றில் ஆட்களுக்கு எலும்பே கிடையாது, கை கால் எல்லாம் ரப்பர் குழாய். அதற்குப் பின்னால் வந்தவற்றில் முழங்கையும் முழங்காலும் முளைத்தன. பிறகு பாரம் வந்தது. குண்டன் நடந்தால் தரை அவனைத் தாங்குவது தெரிந்தது. கையால் ரீலைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி, நாற்பது ஐம்பது வருடத்து மனிதர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டதை அவள் தனியாக உட்கார்ந்து பார்த்தாள். யாரோ ஒருவன் ஒரு துணியைப் பறக்கவிடக் கற்றுக்கொண்ட இடம் இது, யாரோ ஒருவன் கண்ணை இமைக்கவைக்க வழி கண்டுபிடித்த இடம் இது என்று அவளுக்குள் ஒரு பரபரப்பு ஏறிக்கொண்டே போகும்.

ஒருநாள் ஒரு ரீலில் ஓட்டல் பணியாள் ஒருவன் சூப்புக் கிண்ணத்தோடு ஓடிவந்து சட்டென்று திரும்பினான். அந்தத் திரும்பல் கத்தி வீசியதுபோல் இருந்தது. எப்படி இது என்று அவள் ரீலைப் பின்னுக்குச் சுற்றி நிறுத்தினாள். நிறுத்திய ஃபிரேமைப் பார்த்ததும் "ஐயோ" என்று கத்திவிட்டாள்.

அந்த ஃபிரேமில் பணியாளுக்கு மூன்று கை. முகம் கரும்பைப்போல் நீண்டு, ஒரு கண் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. அடுத்த ஃபிரேமில் அவன் உடம்பே இல்லை, வெறும் கறுப்புத் தீற்றல். அதற்கடுத்ததில் ஒன்றுமே நடக்காததுபோல் நல்லபிள்ளையாக நின்றான்.

வாசலில் போய்க்கொண்டிருந்த ரொசெந்தோ எட்டிப் பார்த்தார். மாடியில் ஓவியர்களுக்குத் தலைவர் அவர்தான்.

"என்ன தோழர், எலியா?"

அவள் ஃபிரேமைக் காட்டினாள். ரொசெந்தோ குனிந்து பார்த்துவிட்டு வெடித்துச் சிரித்தார்.

"அடப்பாவி! இவ்வளவு அசிங்கமாவா வரைஞ்சிருக்கான்? ஓடவிட்டா எவ்வளவு அழகா இருக்கு!" என்று சொல்லிக்கொண்டே, தேநீர் ஆறிவிடும் என்று போய்விட்டார்.

அவருக்கு அது ஒரு வேடிக்கை. அவள் அன்று பிற்பகல் முழுதும் அந்த மூன்று கையையே நினைத்துக்கொண்டிருந்தாள். அழகான படங்களை வரிசையாக அடுக்கினால் அசைவு அழகாக இருக்கும் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

அந்த மாதக் கடைசியில் மாடியில் ஒரு நாற்காலி காலியானது. ஸ்டூடியோவில் யார் வேண்டுமானாலும் போட்டியிடலாம். எல்லாருக்கும் ஒரே சோதனை: தடியன் ஒருவன் கடைசி டோமினோக் கட்டையை மேஜையில் ஓங்கி அடித்து ஆட்டத்தை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு துண்டு ஃபிலிம். பிடிப்பது ஒரே ஒரு தடவை. வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் திரையில் போட்டுப் பார்ப்பார்கள். ஹவானாவில் டோமினோ ஆடத் தெரியாதவன் கிடையாது. எனவே அந்த அடி பொய்யாக இருந்தால் வாயிற்காப்போனுக்குக்கூடத் தெரிந்துவிடும்.

மிக்தாலியா பெயர் கொடுத்தாள். இதற்கு முன்னால் அப்படி ஒரு நாற்காலி காலியானபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இதை விட்டால் இன்னும் எத்தனை காலம் பிறர் போட்ட கோட்டுக்குள் நிறம் நிரப்பிக்கொண்டிருப்பது? அந்த நினைப்பு அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

முதலில் வரைந்தவை எல்லாம், சோதனைக்காக எல்லாருக்கும் கொடுத்த மாதிரித் தாளில் இருந்த தடியனைப்போலவே அச்சாக இருந்தன. கட்டை விரலால் புரட்டிப் பார்த்தாள். செத்த அசைவு. தடியன் டோமினோவைத் தூங்கும் குழந்தையைப்போல் மேஜையில் கிடத்தினான். உடம்பு ஒரு தாள், வீசுகிற கை தனித் தாள் என்றுதான் முறை. கை கீழே இறங்கும் மூன்று படங்களை மட்டும் கிழித்தெறிந்துவிட்டு மறுபடி வரைந்தாள். முதலில் கை வாழைமட்டைபோல் நீண்டது. அடுத்ததில் கையே விசிறியாக விரிந்து விரல்கள் ஏழெட்டு ஆயின. மூன்றாவதில் முழங்கைக்குக் கீழே வெறும் வேகம்தான். மறுபடி புரட்டினாள்.

டப்!

சத்தமே இல்லாத காகிதத்தில் அவளுக்குச் சத்தம் கேட்டது. எழுந்து அறையைச் சுற்றி நடந்தாள். வந்து உட்கார்ந்து மறுபடி புரட்டினாள். அன்று எத்தனை தடவை புரட்டினாளோ, காகித ஓரமெல்லாம் கறுத்துவிட்டது.

"நான் உனக்குப் பிரதி எடுத்துத் தர்றேன். சாப்பாட்டு நேரத்துல செய்வேன். உன் படம் என் கோட்டுலதான் திரைக்கு வரணும்" என்று செனாய்தாவே வந்து வாங்கிக்கொண்டாள். கொடுக்கும்போது அந்த மூன்று படங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மிக்தாலியாவின் வாயில் அது வரவில்லை. வரைந்ததே சொல்லும் என்று நினைத்துவிட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் அவள் படங்களைக் கேமராவில் பிடிக்கும் முறை. நிறம் பூசுவதற்காகத் தாள்கள் காலையில் மேஜைக்கு வந்தன. வரிசையாகப் பூசிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். அந்த மூன்று தாள்களிலும் கை ஒழுங்காக இருந்தது. ஐந்து விரல், அளவான முழங்கை, மாதிரித் தாளில் இருந்ததுபோல் அச்சாக.

"பாத்தியா?" என்று செனாய்தா தோளில் இடித்தாள். "என்னடி அவசரத்துல கையை அப்படிக் கிறுக்கிவச்சிருந்த? மானம் போயிருக்கும். எல்லாத்தையும் ரப்பர் போட்டு அழிச்சு நானே திருத்திட்டேன். நன்றியெல்லாம் வேண்டாம், ஒரு காபி வாங்கிக் குடு போதும்."

ஓவியர் கை தவறியிருந்தால் மாதிரித் தாளோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது பிரதி எடுப்பவர்களின் கடமை. அதை அவளைவிட நேர்த்தியாகச் செய்பவர் அந்தக் கட்டிடத்திலேயே இல்லை.

மிக்தாலியா தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். வழக்கமான மௌனம்தான் என்று செனாய்தா முதலில் நினைத்தாள்.

"என்னடி? என்ன ஆச்சு? ஏன் இப்படிப் பாக்குற?"

"அது கிறுக்கல் இல்ல செனாய்தா. வேணும்னுதான் அப்படி வரைஞ்சேன்."

"எட்டு விரலையா?"

"எட்டு விரலைத்தான்."

செனாய்தாவின் முகம் வெளிறிப்போயிற்று. "அப்போ சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல! எல்லாத்துக்கும் ஊமை மாதிரி இருந்தா நான் என்ன, குறி கேட்டா தெரிஞ்சுக்குவேன்?"

"சொல்லியிருக்கணும்" என்றாள் மிக்தாலியா.

பென்சில் படங்கள் அழிந்துவிட்டன. வேறு தாள் கிடையாது. மறுபடி வரைந்து, பிரதி எடுத்து, மை காயவைப்பதற்குள் கேமரா முறை போய்விடும்.  மிக்தாலியா ஈரத்துணியை எடுத்து, செனாய்தா கண்ணெதிரே, மூன்று தாள்களையும் பளிச்சென்று துடைத்துவிட்டாள். கன்றுக்குட்டியைப் பறிகொடுத்ததுபோல் செனாய்தா ஒரு சத்தம் போட்டாள்.

மைக்கோடு போடத்தான் மிக்தாலியாவுக்குத் தெரியாது. நிறம் தெரியுமே. பழைய தூரிகை ஒன்றைத் தடியனின் கை நிறத்தில் தோய்த்து, துணியில் ஒற்றி முக்கால்வாசி காயவைத்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு, தோளிலிருந்து மேஜை வரை, அடிக்கிற வேகத்திலேயே ஒரே வீச்சாக வீசினாள். தூரிகையின் மயிர்கள் பிரிந்து, தாளில் நார்நாராக ஒரு தீற்றல் விழுந்தது. விளிம்பு இல்லை, விரல் இல்லை. அடுத்த தாளில் இன்னும் அகலமாக. மூன்றாவதில் டோமினோவின் வெள்ளையையும் சேர்த்துத் தேய்த்தாள். அவளுக்கு வியர்த்து ஊற்றியது. செனாய்தா ஒரு கைக்குட்டையை எடுத்து, தாளில் சொட்டாதபடி அவள் நெற்றியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

கேமராக்காரர் சானோ ஒவ்வொரு தாளையும் தூசு போகத் துடைத்துத்தான் வைப்பார். தடியன் கையை ஓங்கும் வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அடுத்த தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, ஒழுங்கா கழுவக்கூட இல்ல? அழுக்கு அப்பிக் கிடக்கு" என்று துணியை நனைத்தார்.

"தொடாதீங்க!" செனாய்தா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "அது அழுக்கு இல்ல. அது கை!"

"கையா? எந்த ஊருக் கை?"

"எனக்கும் புரியலை. ஆனா கைதான். இவ சொன்னா கைதான். நீங்க அப்படியே வைங்க."

சானோ மிக்தாலியாவைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். "திரையில அசிங்கமா வந்தா என் பேரை இழுக்கக் கூடாது, ஆமா" என்று முனகிக்கொண்டே வைத்தார்.

வெள்ளிக்கிழமை காட்சி அறையில் தச்சர்கள், சமையல்காரி உட்பட அத்தனை பேரும் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முதலில் பின்னணி ஓவியன் உபால்தோவின் துண்டு. ஒவ்வொரு கோடும் முத்து முத்தாக இருந்தது. தடியனின் கை மெதுவாக இறங்கி மேஜையில் அமர்ந்தது.

"தோழர், இவன் டோமினோ போடுறானா, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுறானா?" என்று இருட்டில் ஒரு குரல். அறை சிரித்தது. அடுத்த இரண்டு துண்டுகளும் அதே வெண்ணெய்தான்.

நான்காவது மிக்தாலியாவுடையது. அவள் திரையைப் பார்க்கவில்லை. திரை வெளிச்சம் விழுந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தடியன் கட்டையைப் பார்த்தான், எதிரியைப் பார்த்தான், கையை ஓங்கினான்.

முன்வரிசையில் மேஜைமேல் கை வைத்திருந்த தச்சர் ஒருவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். படத்துக்கு ஒலியே கிடையாது. ஆனாலும் சத்தம் கேட்டதாகப் பிறகு பலர் அடித்துச் சொன்னார்கள்.  அப்புறம் பெஞ்சுகள் அதிரக் கூச்சல்: "ஜெயிச்சான்டா! எடுத்து வைங்கடா கட்டையை! இன்னொரு தடவை போடுங்க!"

இன்னொரு தடவை போட்டார்கள். அதற்கு மேலும் போட்டார்கள். சானோ எல்லாரையும்விடச் சத்தமாக, "நான் பிடிச்ச படம்!" என்று கத்திக்கொண்டிருந்தார். செனாய்தா அழுதுகொண்டே சிரித்தாள். மிக்தாலியா நாற்காலியின் கைப்பிடியை விடவே இல்லை.

விளக்கு போட்டதும் ரொசெந்தோ ரீலைக் கையில் எடுத்து, அந்த மூன்று ஃபிரேம்களையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கோடே இல்லையே. யாரு பிரதி எடுத்தது?"

"நான் எடுத்தேன் தோழர்" என்றாள் செனாய்தா. "நல்லா எடுத்துக் கெடுத்தேன். இவ அழிச்சுட்டு இப்படிப் பண்ணினா."

ரொசெந்தோ மிக்தாலியா பக்கம் திரும்பினார். "வேணும்னேதானா?"

எல்லாரும் காத்திருந்தார்கள். இரண்டு பஸ் போகிற அளவுக்கு நேரமாயிற்று.

"வேணும்னேதான்."

"திங்கக்கிழமை மேல வந்துடு. பென்சில் உன்னோடதைக் கொண்டு வா, அங்க இருக்கிறதெல்லாம் குட்டைப் பென்சில்."

மிக்தாலியா திங்கட்கிழமை மாடிக்குப் போனாள். ஓய்வு பெறும் வரை அங்கேயே ஓவியராக இருந்தாள். இப்போது மகளோடு சியன்ஃபுவேகோஸில் இருக்கிறாள். செனாய்தா பிரதி அறைக்குத் தலைவியானாள், இரண்டு முறை கல்யாணம் செய்துகொண்டாள், இன்னமும் ஹவானாவில்தான். உபால்தோ புத்தகங்களுக்குப் படம் போடப் போய்ப் பேர் வாங்கினான். சானோ எண்பத்தொன்றில் மாரடைப்பில் இறந்தார். ரொசெந்தோவுக்குக் கடைசிக் காலத்தில் பார்வை போய்விட்டது. அவர் மூன்று வருடங்களுக்கு முன்னால் இறந்தார்.