வணக்கத்தில் விழுந்த அடி

பல் செட் செய்பவருக்குக் கராத்தேயில் கறுப்பு பெல்ட். அதே பட்டறையில் அவரோடு வேலை பார்க்கும் மச்சானுக்கு மல்யுத்தம். கை ஓய்ந்தால் போதும், நிஜச் சண்டையில் எது உதவும் என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

“ஒரே குத்து. அப்புறம் பேச்சே கிடையாது,” என்பார் இவர்.

“நீங்க கையை ஓங்குறதுக்குள்ள உங்களைப் படுக்க வச்சிருப்பேன், அத்தான்.”

நிஜச் சண்டையை இருவரும் தூரத்தில் நின்றுகூடப் பார்த்ததில்லை.

ஒரு மத்தியானம் லாரி டிரைவர் ஒருவர் வந்தார். புதுப் பல் செட் ஆடுகிறதாம், சாப்பிடும்போது பேசினால் தட்டில் விழுகிறதாம்.

“பழகப் பழகச் சரியாயிடும்,” என்று இவர் வாயை விட்டார்.

“நீ போட்டுப் பழகேன்,” என்று டிரைவர் அவர் சட்டையைப் பிடித்தார்.

பல் செட்காரருக்கு உள்ளூர ஒரே குஷி. இத்தனை வருஷம் காத்திருந்த சண்டை. பிடியை உதறினார், ஓரடி பின்வாங்கினார், கால்களைச் சேர்த்தார். பிறகு, வகுப்பில் செய்து செய்து ஊறிப்போன பழக்கத்தில், எதிராளிக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். குனிந்த உச்சந்தலையில் டிரைவரின் கை பொத்தென்று இறங்கியது. பல் செட்காரர் பிளாஸ்டர் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

மச்சான் பாய்ந்து டிரைவரின் இடுப்பைப் பிடித்து அழகாகவே சாய்த்தான். ஆனால் மெஷினுக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். போட்ட பிடியில் அவன் முழங்கையும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. ஒரு கலையும் கற்காத டிரைவர், முகத்துக்கு நேரே இருந்த கையைக் கடித்தார்.

“அத்தான், கடிக்கிறாரு.”

பல் செட்காரர் தவழ்ந்து வந்து எட்டிப் பார்த்தார். வலியிலும் தொழில் புத்தி விடவில்லை.

“அப்படியே கடிச்சுப் பிடிங்க, ஐயா. இடப்பக்கம் தூக்குதே. நீங்க சொன்னது சரிதான், என் தப்பு.”

டிரைவர் திகைத்து வாயைத் திறந்தார். பல் செட் மச்சானின் கையிலேயே நின்றது.

மூவருமாக அலமாரியை நகர்த்தித்தான் எழுந்தார்கள். செட்டைத் திருத்தி முடிக்கும்வரை டிரைவர், “தலை ரொம்ப வலிக்குதாண்ணே?” என்று கேட்டபடியே இருந்தார்.

வீட்டில் பல் செட்காரரின் மனைவி தன் தம்பியின் கைக்கு மருந்து தடவினாள். “ரெண்டு வீரர்ல யாருங்க ஜெயிச்சது?”

“டிரைவர்தான். அவருக்கு ஒண்ணும் தெரியாது, அதான்.”

அடுத்த கராத்தே வகுப்புக்கும் போனார். வணக்கம் வைக்கும்போது கண்ணை மட்டும் மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.