உள்வழிக் கதவு

வீடுகளுக்கு விலை மதிக்கிற அந்த அலுவலகத்தில் ஆறு மதிப்பீட்டாளர்கள். அதில் ஐந்து பேர் முட்டாள்கள் என்பது சிவப்பு மையின் கணக்கு. ஆறாவது ஆள் யார் என்று அவளைக் கேட்க வேண்டியதில்லை. மற்றவர்கள் எழுதுகிற அறிக்கை எதுவானாலும் வங்கிக்குப் போகுமுன் அவள் மேசைக்கு வரும். வந்த வேகத்தில் உடம்பெல்லாம் சிவப்புக் கோடுகளோடு திரும்பிப் போகும். பெயர் அப்படி வந்தது. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், இருந்தாலும் அவளுக்குத் தெரியும். தெரிந்ததில் கொஞ்சம் பெருமை கூட உண்டு.

ஐந்து பேரில் அவளுக்கு ஆகவே ஆகாதவன் அருமை. அவனுக்கும் இயற்பெயர் வேறு. ஒழுகுகிற கூரையைப் பார்த்துவிட்டு வந்து 'அருமையான காற்றோட்டம்' என்று எழுதுகிறவனை வேறு என்னவென்று கூப்பிடுவது? வீட்டுக்காரர் ஒரு காபியை நீட்டிவிட்டால் போதும், கழிவறைக்கும் நற்சான்றிதழ் கொடுத்துவிடுவான். ஒருமுறை அவன் அறிக்கையை எல்லார் முன்னாலும் உரக்கப் படித்துக் காட்டி, "இது மதிப்பீடா, வாழ்த்து மடலா?" என்று கேட்டாள். அலுவலகமே சிரித்தது. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். சிரித்ததற்காக அவனை இன்னும் கொஞ்சம் மட்டமாக நினைத்தாள்.

அதனால், அடுத்த மாதத்திலிருந்து வங்கிகள் புது மாதிரி அறிக்கையை மட்டும்தான் வாங்கும் என்று தகவல் வந்தபோது மற்றவர்கள் மூக்கால் அழுதார்கள், இவளுக்கு மட்டும் பண்டிகை. புது அறிக்கையில் வர்ணனைக்கு இடமே கிடையாது. வீட்டின் நிலையை ஒன்று முதல் ஆறு வரை ஓர் எண்ணில் சொல்ல வேண்டும். அறைக்கு அறை படம் எடுத்து ஏற்ற வேண்டும். எல்லாரும் தயாராவதற்கு அவளே வகுப்பு எடுத்தாள். வகுப்பு என்ன வகுப்பு, நாள் முழுக்க வசவுதான்.

"ஒரே கூரைக்குக் கீழ எத்தனை வீடுன்னு ஒரு கட்டம் இருக்கு. அங்கதான் நீங்க எல்லாரும் கோட்டை விடப்போறீங்க" என்றாள் திரையைக் காட்டி. "தனி அடுப்பு, தனி குளியலறை, தனி வாசல். உள்ளுக்குள்ள நடந்து போக வழியும் இல்லைன்னா அது ரெண்டு வீடு. ஓனர் 'இல்லைங்க, எல்லாம் ஒரே குடும்பம்தான்'னு கதை சொல்லுவார். கதை கேக்கவா போறோம்? கண்ணுல பட்டத எழுதுங்க."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அப்படிப்பட்ட நெஞ்சழுத்தம்.

ஏனென்றால் அவள் வீடே அப்படிப்பட்ட வீடுதான். கீழே அவள். மேலே மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவர். மேலே அவருக்கு ஓர் அடுப்பு, ஒரு குளியலறை, வெளிப்பக்கமாக இறங்க ஓர் இரும்புப் படி. அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. "எங்க வீட்டுக்காரர் காபி போட்டுக் குடுத்தாத்தான் எனக்குப் பொழுதே விடியும்" என்று மாதத்தில் இரண்டு தடவையாவது சொல்லிவைப்பாள். விவாகரத்தான கணக்கரைப் பார்த்து, குடும்பம் நடத்தவும் ஒரு திறமை வேண்டும் என்று ஜாடை பேசியவளும் இவளேதான்.

பிரிந்த காரணத்தைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். சமையலறைத் தரைக்கு அவர் கடையை மூடிவிட்டு வந்து தானே டைல்ஸ் பதித்தார். முட்டி தேயத் தேயப் பதித்தார். அவருடைய அக்கா குடும்பம் பார்க்க வந்த அன்று இவள் ரசமட்டத்தைக் கொண்டுவந்து தரையில் வைத்து, குமிழ் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எல்லாருக்கும் காட்டினாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு மேலே போனார். அன்று இரவு, கூடத்திலிருந்து மாடிக்கு ஏறும் உள்படியின் கதவில் அவர் பக்கமாகத் தாழ் விழுகிற சத்தம் கேட்டது. மறுவாரம் இவள் கூடத்தில் இருந்த மரப் பீரோவை நகர்த்தி அந்தக் கதவை அடைத்தாற்போல் வைத்தாள். வேறு இடமில்லை என்பது காரணம். கேட்ட உறவினர்களிடமெல்லாம், "அவராவே மேல போய்த் தாழ் போட்டுக்கிட்டார், நான் என்ன பண்றது?" என்று முடித்துக்கொண்டாள்.

வினை முதலாளி உருவில் வந்தது. புது முறையைப் பழகிப் பார்க்க, அலுவலகத்தில் இருப்பவர்கள் ஒருவர் வீட்டை இன்னொருவர் மதிப்பிட வேண்டும் என்றார். சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். சரிபார்க்கிறவளுக்கு இதெல்லாம் கிடையாது என்று அவள் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். "உங்க வீடும் உண்டு மேடம். மாதிரின்னா அது உங்க வீடாத்தானே இருக்கணும்?" என்றார் முதலாளி. அவள் வீடு அருமையின் கைக்குப் போனது. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள்.

விடுமுறை நாளில் அருமை படம் எடுக்கும் கருவியும் அளவு கருவியுமாக வந்து நின்றான். சமையலறையில் குனிந்து பார்த்தான்.

"டைல்ஸ் அருமையா இருக்கே மேடம். யாரு போட்டது?"

"ஒரு ஆளு."

"நல்ல வேலைக்காரர்."

"சரிவு இருக்கு. நல்லாப் பாருங்க."

அவன் இன்னொரு தரம் பார்த்தான். "எனக்குத் தெரியல மேடம்" என்றான். இவனுக்கு என்றைக்குத்தான் எது தெரிந்தது?

மேலே வெறும் சாமான் அறை, பார்க்க ஒன்றுமில்லை என்றாள். "படம் இல்லாம ஏத்துக்காதே மேடம், நீங்கதானே சொன்னீங்க" என்று அவன் இரும்புப் படியில் ஏறிப் போய்விட்டான். சற்று நேரத்தில் மேலிருந்து இரண்டு ஆண்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் ஒன்று, அவள் கேட்டு வெகுகாலமான சிரிப்பு. இந்த மனிதர் எவன் வந்தாலும் சிரிப்பார், என்னிடம்தான் உம்மென்று இருப்பார் என்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

இறங்கி வந்தவன் அவள் முகத்தைப் பார்க்காமல் ஷூ கயிற்றைக் கட்டினான்.

"மேடம், ஒரே வீடுன்னு போட்டுடறேன். மேல சாரோட ஆபீஸ் ரூம்னு வச்சுக்கலாம். உள்வழியும் இருக்கு, பாத்தேன். யாருக்கும் தெரியப்போறதில்ல."

வேறு எவன் இப்படி எழுதியிருந்தாலும் அவள் அந்த அறிக்கையைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். இப்போது அவள் சும்மா இருந்ததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவன் போனான். அவன் தயவில் தப்பிக்கிறோமே என்பது அன்று முழுக்க அவளை அரித்தது. ஆனாலும் தப்பித்ததில் நிம்மதிதான்.

ஆய்வுக் கூட்டத்தில் ஒவ்வொருவர் அறிக்கையையும் பெரிய திரையில் போட்டார்கள். மற்ற நால்வரின் தோலையும் அவள் வழக்கம்போல் உரித்தாள். கடைசியில் அவள் வீடு வந்தது. குடியிருப்பு: ஒன்று. முதலாளி தலையாட்டி அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தார். திரை நகரவில்லை. இரண்டு சமையலறைப் படம் இருப்பதால் உள்வழியின் படத்தைப் பார்த்து உறுதி செய்யவும் என்று ஒரு சிவப்புப் பட்டை வந்து நின்றது.

"படம் வச்சிருக்கேன் சார்" என்றான் அருமை, பெருமையாக. "கதவு திறந்துதான் இருக்கு. நீங்களே பாருங்க."

படம் திரை முழுக்க விரிந்தது. மேல்பக்கத்திலிருந்து எடுத்தது. உள்படியின் அடியில் கதவு அகலத் திறந்து கிடந்தது. கீலில் எண்ணெய் போட்ட பளபளப்பு. காற்றில் சாத்திக்கொள்ளாமலிருக்க, மிச்சமிருந்த சமையலறை டைல்ஸ் இரண்டை அடுக்கிக் கதவுக்கு அண்டை கொடுத்திருந்தது. டைல்ஸின் மேல் தூசி படிந்திருந்தது. திறந்த வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பலகை நின்றது.

"அது என்ன, பலகை?" என்று கேட்டார் முதலாளி.

அருமையின் முகத்தில் ஈயாடவில்லை. நல்லது செய்யப் போய் எதைக் கொண்டுவந்து வைத்தோம் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. "அது... நகர்த்திக்கலாம் சார். சாமான்தான். நகர்த்தினா வழிதான்."

சிவப்பு மை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாழ் விழுந்த சத்தத்தைத்தான் அவள் கேட்டிருந்தாள். அது எடுபட்ட சத்தம் அவள் காதில் விழவேயில்லை. விழுந்திருக்காது, நடுவில் பீரோ இருந்தது.

"பீரோ" என்றாள். "என்னோடது. வழி கிடையாது. ரெண்டு வீடுன்னு மாத்துங்க."

"மேடம், ஒரு அரைமணி நேர வேலை, நான் வேணா வந்து தள்ளி..."

"தள்ளினப்புறம் வந்து ஒண்ணுன்னு எழுதுங்க. அன்னிக்குக் கண்ணுல பட்டது என்னவோ அத எழுதுங்க."

அவன் மாற்றினான். உடனே அடுத்த கட்டம் திறந்து கேட்டது: தடை எந்தப் பக்கம்? மேல், கீழ் என்று இரண்டே விடைகள். அருமையின் விரல் அந்தரத்தில் நின்றது. அவன் அவளைப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்தான், பிறகு மேசையைப் பார்த்தான்.

"கீழ்" என்றாள் அவள். அவன் விரல் அசையாததைப் பார்த்து இன்னொரு முறையும் சொன்னாள். "கீழ்ப் பக்கம்."

அவன் அழுத்தினான். சிவப்புப் பட்டை மறைந்தது, அறிக்கை ஏற்கப்பட்டது. முதலாளி தொண்டையைச் செருமினார். விவாகரத்தான கணக்கர் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, சத்தமில்லாமல் அவள் பக்கத்தில் வைத்தார். ஐந்து முட்டாள்களும் தத்தம் மடிக்கணினிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். எவ்வளவு பேச்சு வாங்கியிருப்பார்கள் அவளிடம், ஒருத்தன் உதட்டோரம் கூட அசையவில்லை. எருமைகள், இப்போதாவது சிரித்துத் தொலைத்தால் என்ன என்றிருந்தது அவளுக்கு.