முதல் இலை

ஜெகதீசன் கடைசியாக வீட்டில் சொன்னது, "மத்தியானத்துக்கு ரசம் மட்டும் போதும், நெஞ்சு கரிக்குது" என்பதுதான். சிலோன் பழக்கம் விடாமல், சர்க்கரையை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே பிளேன்டீயைக் குடித்தார். பிறகு ஒரு தாளை ஜெராக்ஸ் எடுக்கக் குன்னூருக்குப் போனவர், எடுத்துவிட்டுத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டிலேயே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அவருடைய சட்டையை மனைவி ரஞ்சனியிடம் கொடுத்தார்கள். பையில் இரண்டு நகல்கள் இருந்தன. ஒன்று அண்ணன் விஜயனுக்கு.

விஜயனுக்குக் குடும்பப் பெயர்தான் உயிர். சிலோனிலிருந்து தாயகம் திரும்பியபோது வாங்கிய பாஸ்போர்ட்டில் வீட்டில் எல்லார் பெயரோடும் 'பெரியண்ணன்' ஒட்டியிருந்தது. பெரியண்ணன், அந்தக் காலத்தில் ஊரிலிருந்து ஆள் பிடித்துக் கப்பலேற்றிய கங்காணி. அவருடைய வாரிசு என்று சொல்லியே விஜயன் முப்பது வருஷமாக தோட்டத் தொழிலாளர் லயத்துக் கோயிலில் முதல் மாலை வாங்கினார். வீட்டுப் படையலிலும் முதல் இலை பெரியண்ணனுக்கு. இரண்டாவது இலை அவர் மகன் என்று சொல்லப்பட்ட அழகையாவுக்கு, அதாவது தாத்தாவின் தாத்தாவுக்கு.

ஜெகதீசன் மூன்று வருஷம் கடிதம் எழுதித் தேடிக் கண்டுபிடித்தது, 1884ஆம் வருஷத்து சிலோன் தோட்ட செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், ஒரு பக்கம். முப்பத்துநாலு ஆட்கள். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் கங்காணி பெயர்: பெரியண்ணன். பின்னால் வந்த கிளார்க்குகள் அதையே குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். பதினோராவது ஆள் அழகையா, வயது இருபத்திரண்டு. பக்கத்தில் குறிப்பு: 'ஓடிப்போனான். கங்காணி பிடித்துவந்தான். பதினைந்து அடி.'

பதினாறாம் நாள் ரஞ்சனியின் வீட்டில் விஜயன் இலை போட்டார்.

"அத்தான், அந்த மொத எலைய எடுத்துருங்க."

"எதுக்கு?"

அவள் தாளை நீட்டினாள். விஜயன் இரண்டு தடவை படித்தார். "ஜெராக்ஸ் கடையில என்னத்த வேணா அடிச்சுக் குடுப்பான்."

அவர் மனைவி செல்லக்கண்ணு முகவாயைத் தோளில் இடித்தாள். "புருஷன முழுங்கிட்டா. இப்பப் பாட்டன் பூட்டனையும் முழுங்கப் பாக்குறா."

"அடிச்சவனுக்கு மொதச் சோறு, அடி வாங்குனவருக்கு அப்புறம், எல்லாருக்கும் கடைசியா எம் புருஷனா?"

"கத்தாத. ஓடிப்போயி ஒதை வாங்குனவன் வம்சம்னு தெரிஞ்சா நாளைக்கு எவன்டி எனக்கு மாலை போடுவான்?"

"அப்ப நம்புறீங்க."

விஜயன் தாளைக் கிழித்துச் சாம்பிராணித் தணலில் போட்டார். ரஞ்சனி குனிந்து முதல் இலையைச் சோற்றோடு இரண்டு கையாலும் தூக்கினாள். வாசலுக்குப் போய் லயத்து நாய்க்கு முன்னால் வைத்தாள்.

"இனி உன் சாவுக்கும் வரமாட்டோம்," என்றார் விஜயன்.

"வராதீங்க."

சாப்பிடாமலே எல்லாரும் எழுந்து போனார்கள். ரஞ்சனி அழகையாவின் இலையை முதலிடத்துக்கு நகர்த்தினாள். ஜெகதீசனின் இலையில் ரசம் மட்டும் ஊற்றினாள்.

அடுத்த வாரம் இறப்புச் சான்றிதழ் வந்தது. இறந்தவர் பெயர்: ஜெகதீசன் பெரியண்ணன்.