மைக்கூட்டு மூடியின் நீலம்

உதவி செய்கிறேன் என்று கிளம்பும் புருஷனைவிடத் திருடன் மேல்; எது காணோம் என்றாவது தெரியும். எனாமல் வேலை செய்கிறவள் அன்று காலை பட்டறைக் கதவைத் திறந்ததும் அப்படித்தான் நினைத்தாள்.

அவள் மேசையில் கோர்ட்டில் வாதாடும் வக்கீலம்மா பழுது பார்க்கக் கொடுத்த பழைய சாமான்கள் மூன்று இருந்தன: மைக்கூடு, பேனாத் தட்டு, கடிதம் பிரிக்கும் கத்தி. வெள்ளியில் மயிரிழை மயிரிழையாக அலைக்கோடு செதுக்கி, அதன்மேல் கண்ணாடியாய் ஒரு நீலப் பூச்சு. வெளிச்சத்தில் திருப்பினால் கோடெல்லாம் தண்ணீராய் நெளியும். மைக்கூட்டு மூடியில் மட்டும் நகக்கண் அளவு பூச்சு தெறித்திருந்தது. பழசு அல்லவா, இன்னும் ஒரே ஒரு தரம்தான் சூளைச் சூடு தாங்கும். நிறம் தப்பினால் மூடி போச்சு. நாலு மணிக்கு வக்கீலம்மா வந்துவிடுவார்.

அலமாரியிலோ பூச்சுக்கான கண்ணாடிப் பொடி அடைத்த இருபத்துமூன்று புட்டிகளும் பளிச்சென்று நின்றன. தையல்கடை வைத்திருக்கும் அவள் புருஷன், நிறத்தின் பெயர் எழுதிய அழுக்குச் சீட்டுகளைச் சுரண்டி எறிந்துவிட்டு, முத்து முத்தாகப் புதிது எழுதி ஒட்டியிருந்தார். வெள்ளை. கொஞ்சம் வெள்ளை. இன்னும் கொஞ்சம் வெள்ளை.

பாவம், அவர் பொய் எழுதவில்லை. எந்த நிறமானாலும் அரைத்த பொடி வெளுத்துத்தான் கிடக்கும். சூளையில் உருகினால்தான் சுயரூபம் தெரியும்.

"கண்ணால பாத்துத்தானே எழுதினேன்," என்றார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நானும் கண்ணாலதான் பாத்தேன்," என்றாள்.

அவரையே சூளை முன்னால் நிற்க வைத்தாள். ஒவ்வொரு புட்டியிலும் ஒரு சிட்டிகை எடுத்துச் செம்புத் துண்டில் வைத்து உருக்கினார்கள். மத்தியானத்துக்குள் இரண்டு நீலம் தேறின. இரண்டுமே மூடியோடு சேரவில்லை; ஒன்று மங்கல், ஒன்று கறுப்பு. அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் துண்டுகளை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், துணிக்கு நூல் பார்ப்பதுபோல் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அடியில செம்பு இருக்கே. மெல்லிசுத் துணிக்கு லைனிங் மாத்தினா நிறமே மாறிடும்ல?"

இது அவளுக்குத் தெரியாததா? கோபம் மூளையை மறைத்திருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன் என்று சொல்லிவைத்தாள். ஆனால் பட்டறையில் துளி வெள்ளி இல்லை. அவள் கண் சுவரில் மாட்டியிருந்த அவருடைய கல்யாணக் கோட்டின் பக்கம் போயிற்று. அதிலிருந்த வெள்ளிப் பொத்தான்களைத் தூசி தொட்டாலே அவருக்குப் பொறுக்காது. அவரே கத்தரியை எடுத்தார்; இரண்டை நறுக்கிக் கொடுத்தார்.

கறுப்பாய்த் தெரிந்த பொடி, பொத்தானில் மூடியின் நீலமாகவே வந்தது. மூடி சூளைக்குள் போய்ச் செக்கச்செவேலென்று வெளியே வந்து, ஆற ஆற நீலம் ஏறும்வரை இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. பிறகு தேய்த்து மெருகேற்றினாள்.

நாலு மணிக்கு வந்த வக்கீலம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உடைஞ்ச இடத்தையே காணோமே. இது என் மூடிதானா, மாத்திட்டீங்களா?"

அவளும் தேடினாள். பூசியவளுக்கே தெரியவில்லை. சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?

தையல்காரர் குனிந்து ஓரிடத்தில் விரல் வைத்தார். "இதோ பாருங்க, நூலளவு வித்தியாசம் தெரியுதா?"

வக்கீலம்மா தெரிகிறது என்று தலையாட்டி, திருப்தியாக எடுத்துப் போனார்.

"நிஜமாவே உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள் அவள்.

"எனக்கெங்க தெரிஞ்சுது? வக்கீல்கிட்ட சாட்சி இல்லாம ஜெயிக்க முடியுமா?"